யாருக்கு என்று கேட்டு விற்றவர்

காபூல் அக்காவின் கடையில் ஒரு பொருளை வாங்குவது லேசான காரியமில்லை. கையில் காசு இருந்தால் மட்டும் போதாது. பலெர்மோவுக்கு வருகிற உல்லாசப் பயணிகளுக்கு இது எப்படித் தெரியும்? கப்பலில் வந்து இறங்கி, கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, பல்லரோ சந்தையின் மீன் வாடைக்குத் தப்பி அந்தச் சந்துக்குள் திரும்புவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆப்கானிஸ்தானின் ஹேராத்திலிருந்து வந்த நீலக் குவளைகள் தெரியும். சிவப்புக் கம்பளமும் வெள்ளைப் பட்டுநூலால் பூத்தைத்த துணிகளும் தெரியும். உள்ளே வந்து ஒரு குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன விலை என்பார்கள்.

"பெர் கி?" என்பார் அக்கா. யாருக்கு?

"எனக்குத்தான்."

அக்கா குவளையை அவர்கள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இருந்த இடத்தில் வைத்து, துணியால் ஒருமுறை துடைப்பார். "தனக்கெண்டு வாங்கிறவன் சந்தைக்கு வந்தவன். சந்தை அந்தப் பக்கம்" என்று வாசலைக் காட்டுவார். அதில் கோபமும் இருக்காது, நக்கலும் இருக்காது. பஸ் தரிப்பிடம் எங்கே என்று கேட்டவருக்கு வழி சொல்வது போலத்தான் சொல்வார்.

அவர் என்னோடு பேசியதெல்லாம் இத்தாலியன். இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் அவருடைய இத்தாலியன் பெரிய திறமில்லை. என்னுடையது அதைவிட மோசம். இரண்டு பேரும் பிழையாகப் பேசியதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். இங்கே அதை எங்கள் தமிழில்தான் சொல்கிறேன். நினைவில் அவர் எனக்கு அப்படித்தான் பேசுகிறார்.

பல்லரோ மீன்காரர்களுக்கு அவர் துருக்கிக்காரி. எங்கள் தமிழாட்களுக்குக் காபூல் அக்கா. நெடிய மனுசி. நரைத்த தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, செத்துப்போன புருசனின் மண்ணிறக் கோட்டைக் கோடையிலும் போட்டிருப்பார். புருசன் பலெர்மோக்காரர். தெருப் போடுகிற வேலைக்கு ஆப்கானிஸ்தான் போனவர், இவரைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். கடை அந்த மனுசனின் தகப்பன் குடை விற்ற கடை. குடை மாட்டுகிற கொக்கிகள் கூரையில் அப்படியே இருந்தன. அவற்றில் அக்கா காய்ந்த பழப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார். பச்சை நிறத்து உலர்ந்த திராட்சை, காய்ந்த முசுக்கட்டைப் பழம், பிஸ்தா, சீனிப்பாகு பூசிய பாதாம். தலை இடிபடாமல் அந்தக் கடைக்குள் நடக்கப் பழக எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

பயணம் போன ஆள் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது என்பது அவர்கள் நாட்டு வழக்கம். அப்படிக் கொண்டுபோகிற பொருளுக்குச் சௌகாத் என்று பெயர். எங்களுக்கும் இது புதிதில்லை. இத்தாலியிலிருந்து ஊருக்குப் போகிற எந்தத் தமிழரின் சூட்கேசையும் திறந்து பாருங்கள், போட்டிருக்கும் உடுப்பைத் தவிர அவருக்கென்று ஒன்றும் இருக்காது. ஆனால் நாங்கள் கணக்குக்கு ஒன்று வாங்கிப் போடுவோம். மாமாவுக்கு ஒரு சேர்ட், மாமிக்கு ஒரு குடை. அக்காவிடம் அது நடக்காது. யாருக்கு என்று கேட்பார். அம்மாவுக்கு என்றால், அவ என்ன மாதிரி ஆள் என்பார். கதிரையைக் காட்டி, ஏலக்காய் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுத்து, கேட்டுக்கொண்டு இருப்பார். கேட்டு முடித்த பிறகு, அவர்கள் கேட்ட பொருளை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துவருவார். அனேகமாக அது அவர்கள் கேட்டதைவிட மலிவானதாக இருக்கும். பின்னாளில் அங்கே வேலைக்கு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்பமாட்டார். சௌகாத் கையில் போகவேண்டும். யார் கொண்டுபோகிறது என்று கடைசியில் கட்டாயம் கேட்பார்.

நான் அந்தக் கடைக்குள் முதலில் போனது மழைக்கு ஒதுங்கித்தான். பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கம் குடியிருந்தேன். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டைக் கூட்டித் துடைத்துச் சமைத்துவிட்டு, மீன் மலிவாகப் போகிற நேரம் பார்த்துப் பல்லரோவுக்கு நடப்பேன். அன்றைக்கு மீன் பையோடு ஒரு பொம்மைப் பெட்டியும் கையில் இருந்தது. கபோ சந்தையில் வாங்கியது. படுத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் நீலக் கண் திறக்கும். மழையில் பெட்டி ஊறிப் பிய்ந்துகொண்டு வர, அந்த வாசலில் நின்றேன். நெடிய மனுசி கதவைத் திறந்து உள்ளே இழுத்து, தேநீரைக் கையில் தந்து, பெட்டியைப் பார்த்தார்.

"பெர் கி?"

"மகளுக்கு. சிலோனிலை இருக்கிறாள். போற ஆள் ஒருத்தரிட்டைக் குடுத்துவிடப்போறன்."

"அவள் பொம்மை கேட்டவளோ?"

"சின்னப் பிள்ளைக்குக் கேட்டே வாங்கிறது?"

"ம்" என்றார்.

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிய்ந்த பெட்டியை நான் சணல் கயிற்றால் சுற்றி, குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டதை அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் கட்டுவதில் எங்கள் ஆட்களை அடிக்க முடியாது. பார்சல் கட்டிக் கட்டியே நாங்கள் பிள்ளை வளர்த்தவர்கள். அவருடைய குவளைகளோ பயணிகள் கப்பல் ஏறுமுன்பே உடைந்துபோகுமாம். பின்னேரங்களில் வந்து கட்டித்தருவாயா என்று கேட்டார். இப்படித்தான் எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது.

மகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்குள் ஊரைவிட்டு எழும்பி, நீர்கொழும்பில் என் கணவரின் அக்காவோடு இருந்தோம். ஏஜென்சிக்காரன் எங்களைக் கொண்டுவந்த கள்ள வழி பச்சைப்பிள்ளைக்கு ஏற்ற வழியில்லை. அவளை மூன்று வயதில் அந்த மச்சாளிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். ஒரு வருடத்தில் கூப்பிடலாம் என்று நினைத்தோம். பெர்மெசோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதி, கிடைக்கவில்லை. அது இல்லாமல் இத்தாலியைவிட்டு வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுப்போம். சாப்பிட்டியா, படிக்கிறியா, மாமி சொல்வழி கேக்கிறியா. ஓம், ஓம், ஓம். அதற்குள் காசு முடிந்துவிடும்.

அக்காவின் விசாரணைக்கு வருகிறேன். ஒரு வக்கீல் வந்தார். பலெர்மோவிலேயே பெரிய வீடு. சுவரில் மாட்ட ஒரு கம்பளம் வேண்டும், உள்ளதிலேயே பெரியது. அக்கா அதில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, சுவரில் அழகுக்கு என்றார் அவர். முடிந்தது கதை. அந்த மனுசன் போன பிறகு நான் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தேன்.

"நீங்கள் கடை நடத்திறியளோ, விசாரணை நடத்திறியளோ? குவெஸ்தூராவிலை பெர்மெசோ குடுக்கிற பொலிஸ்காரங்கள்கூட இவ்வளவு கேக்கமாட்டாங்கள்."

"குவெஸ்தூராவிலை நீ ஆர் எண்டு கேக்கினம். நான் அதைக் கேக்கேல்லையே. உனக்கு ஆர் இருக்கினம் எண்டுதானே கேக்கிறன்" என்றார் அக்கா. பிறகு, கம்பளத்தைச் சுருட்ட ஒரு கை பிடிக்கச் சொன்னார்.

பொய் சொல்கிறவர்களும் இருந்தார்கள். பயணிகளைக் கூட்டி வருகிற ஒரு வழிகாட்டி இந்தக் கடையின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டான். உள்ளே அனுப்பும்போதே அம்மாவுக்கு என்று சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்துவிடுவான். வரிசையாக வந்து அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்பார்கள். அக்கா நிதானமாக, "அம்மா விடிய எழும்பினால் முதல் என்ன செய்வா?" என்பார். முகத்தில் ஈயாடாது. அசட்டுச் சிரிப்போடு பின்வாங்குவார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும், அவருக்கே எழுபது இருக்கும், தாய் செத்து முப்பது வருடமாகிறது என்றும், விடிய எழும்பி முதலில் சன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரியை ஏசுவாள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா அவருக்கு ஒரு பை பச்சைத் திராட்சை விற்றார். தாய்க்குத்தான்.

குரூத் விசயத்தையும் சொல்லவேண்டும். தயிரை வடித்து உப்புப் போட்டு உருட்டி வெயிலில் காயவைத்தால் கல்லுப் போல ஆகும். அதுதான் குரூத். அவர்கள் அதைக் கரைத்துச் சமைப்பார்கள், சும்மா வாயில் போட்டு உமிந்துகொண்டும் இருப்பார்கள். பார்வைக்குக் கலியாண வீடுகளில் இத்தாலியர்கள் கொடுக்கிற சீனிப் பாதாம் போலவே இருக்கும். தொரினோவிலிருந்து வந்த ஒருவர், நல்ல உடுப்பு, நல்ல சென்ட், கேட்காமல் கொள்ளாமல் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பல் தப்பியது தெய்வாதீனம். கடிக்கமுடியாமல், துப்பவும் வெட்கப்பட்டு, உப்பும் புளிப்பும் ஏற ஏற அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பழப் பைகளுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. "இப்ப உருசி தெரியும். இதை ஆருக்குக் கொண்டுபோவீங்கள்?" என்று கேட்டார்.

அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டு, "என்ர மேலதிகாரிக்கு" என்றார்.

வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் அக்கா அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தார். அவ்வளவு சுருக்காக அவர் வியாபாரம் செய்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

அவரிடமே அந்தக் கேள்வியை நான் ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கிறேன். சாமான் ஹம்பர்க்கில் இருக்கிற அவர் சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பெட்டியில் வரும். அவருக்குப் பெஷாவரிலிருந்து வரும். பெட்டி திறக்கிற நாளில் அக்காவோடு பேசமுடியாது. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, மணந்து, வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஆட்டுவார். "அவளுக்குப் பிடியாது" என்று அப்பால் வைப்பார். அதற்குப் பிறகுதான் அது விற்கிற சாமான்.

"பெர் கி?" என்றேன்.

"தங்கச்சிக்கு. காபூலிலை இருக்கிறாள். சரியான பிடிப்புக்காரி. ஒண்டும் லேசிலை மனதுக்குப் பிடியாது."

காபூலில் ரொக்கெட் விழத் தொடங்கின பிறகு தங்கச்சியின் கடிதம் நின்றுபோயிருந்தது. பெஷாவருக்குப் போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னாராம், இல்லை என்று இன்னொருவர் சொன்னாராம். ஒன்றையாவது அவவுக்கென்று எடுத்து ஒதுக்கி வையுங்களேன் என்றேன். "ஒதுக்கி வைச்சால் பழசாப்போகும். பழஞ்சாமான் குடுத்தால் அவள் என்னோடை கதைக்கமாட்டாள்" என்றார். சலிப்பாகச் சொன்னாரே தவிர, கண்கலங்கிச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.

பின்னாளில் அவர் கடையை விற்றுவிட்டு ஹம்பர்க் போய்விட்டார். தங்கச்சி பெஷாவரில் இருப்பது உறுதியாகி, ஹம்பர்க்குக் கூப்பிடப் பார்க்கிறார்கள் என்று சொன்னார். வந்து சேர்ந்தாவோ என்பது எனக்குத் தெரியாது. புறப்படுகிறபோது அவருடைய பெட்டியைக் கட்டினது நான்தான். அதற்குள் ஒரு நீலக் குவளை இல்லை, ஒரு முழத் துணி இல்லை. எல்லாம் பல்லரோவில் வாங்கினவை. வெயிலில் காயவைத்த தக்காளி, உப்பிலிட்ட கேப்பர் மொட்டு, எலுமிச்சம்பழம். "இத்தனை வருசம் பிழையான பெட்டிக்குள்ளை தேடியிருக்கிறன். காபூல்காரிக்குக் காபூல் சாமானைக் கொண்டுபோனால் அவளுக்கு எப்பிடிப் பிடிக்கும்? நான் பலெர்மோவிலை இருந்தெல்லோ போறன்" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார். அந்த ஏச்சில் அவ்வளவு சந்தோசம் இருந்தது.

ஆனால் அது பிறகு. அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பெர்மெசோ கிடைத்தது. மகளைக் கூப்பிடுவதற்கான கடதாசிகளும் ஒருவழியாகச் சரிவந்தன. நான் போய்க் கூட்டிவருவது என்று முடிவு. விட்டுவிட்டு வரும்போது மூன்று வயது, இப்போது ஒன்பது. கால் நிலத்தில் படவில்லை எனக்கு. டிக்கெற்றைக் கையில் எடுத்த பின்னேரம் நேரே கடைக்குப் போனேன். பெட்டியில் புதிதாக வந்திருந்த சின்னச் சட்டை ஒன்றில் எனக்குக் கண். நெஞ்சு முழுக்கக் கண்ணாடித் துண்டு பதித்துப் பூத்தைத்த ரோஸ் சட்டை.

"இது எனக்கு வேணும் அக்கா."

"பெர் கி?"

"விளையாடாதேங்கோ. ஆருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அவளுக்கு ரோஸ் பிடிக்குமோ?"

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு எல்லாருக்கும் ரோஸ்தானே."

"எல்லாருக்கும் பிடிக்கிறதெண்டால் சந்தையிலை வாங்கலாம்" என்றார். கதிரையைக் காட்டினார். தேநீர் ஊற்றினார். என்னையும் ஒரு பயணியாக்கிவிட்டார். "இரு. இருந்து சொல்லு. அவள் எப்பிடி?"

வாயைத் திறந்தேன். மூன்று வயதில் அவள் எப்படி என்பது எனக்கு அத்துப்படி. விரல் சூப்புவாள், நிலாவைப் பார்த்துக் கைதட்டுவாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப?" என்றார். இனிப்புத் தின்பாளா, உறைப்புத் தின்பாளா? எதற்குப் பயம்? கோபம் வந்தால் கத்துவாளா, பேசாமல் இருப்பாளா? சாப்பிட்டியா, படிக்கிறியா, அவ்வளவுதானே நான் கேட்டது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"போய்ப் பாத்திட்டு வா. பிறகு எடுக்கலாம்" என்று சட்டையை மடித்து வைத்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவளுக்கே பரீட்சை வைக்கிறியளோ? உங்கடை சட்டையை நீங்களே வைச்சிருங்கோ!" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். தெருவெல்லாம் அழுதுகொண்டு நடந்தேன். அவர் கேட்டது பிழை என்று அழவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் அழுதேன். அடுத்த நாள் கபோவில் ரோஸ் சட்டை, ரோஸ் சப்பாத்து, இன்னொரு பொம்மை, சொக்கிலேட் என்று ஒரு சூட்கேசை நிரப்பினேன்.

நீர்கொழும்பில் மச்சாளின் வீட்டு வாசலில் ஒரு நெடிய பிள்ளை நின்றது. நான் அதைத் தாண்டி உள்ளே என் பிள்ளையைத் தேடினேன். அவள் மச்சாளின் முதுகுக்குப் பின்னால் போய், சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆர் இவ?" என்று மச்சாளைக் கேட்டாள்.

"அம்மா உவதான்டி, நான் மாமி. எத்தினைதரம் சொல்லுறது?" என்று மச்சாள் ஏசினா. ஏசிக்கொண்டே அழுதா.

நான் கொண்டுபோன ரோஸ் சட்டை அவளுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனது. சொக்கிலேட்டை அவள் தொடவில்லை. இத்தனை வருடம் நான் கொடுத்தனுப்பிய பொம்மைகளில் முதல் வந்ததைத் தவிர மற்றதெல்லாம் அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிக்காமல் இருந்தன. "உந்தக் கண் திறக்கிறது இவளுக்குப் பயம். நீ கவலைப்படுவாய் எண்டு நான் சொல்லேல்லை" என்றா மச்சாள். பல்லரோவின் மழையும் அந்த 'ம்'மும் எனக்கு நினைவு வந்தன.

பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த பிறகு அவள் அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. சொன்ன இடத்தில் இருப்பாள், சொன்னதைச் செய்வாள். ஆனால் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் கிட்ட வந்து நிற்பாள், அவ்வளவுதான். நானாகத் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்கவேண்டும். சில நாள் சமையலில் கவனமாக இருந்துவிட்டுத் திரும்பினால், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது, அப்படியே நிற்பாள். இந்தப் பிள்ளை எனக்குக் கிடைக்காமலே போய்விடுமோ என்று பயந்தேன். என் கணவரிடம் சொன்னால், பழகினால் சரிவரும் என்றுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அவருக்கும் பயம்தான்.

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கடைக்குத் திரும்பப் போனேன். போகாமல் இருக்க வசதியில்லை. அக்கா, நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. கதிரையைக் காட்டினார்.

"என்ன கண்டாய்?"

"இனிப்புத் தொடுறாளில்லை" என்று தொடங்கினேன். சொல்லத் தொடங்கினால் வந்துகொண்டே இருந்தது. "தேசிக்காய் ஊறுகாயை வெறும் வாயிலை தின்னுறாள். நாய்க்குப் பயமில்லை, பொம்மைக்குப் பயம். கோபம் வந்தால் கத்துறேல்லை, சப்பாத்தைக் கழட்டிக் கழட்டிப் போடுவாள். நித்திரையிலை காலை வெளியிலை நீட்டிக்கொண்டு படுப்பாள், போர்த்திவிட்டால் உதறுவாள்." எனக்கே ஆச்சரியம். இவ்வளவும் நான் எப்போது பார்த்து வைத்தேன்?

அக்கா எழும்பிப்போய், தொங்குகிற பைகளை எல்லாம் தாண்டி, ஒருவரும் வாங்காத அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தார். குரூத். ஒரு பிடி அள்ளிக் கடதாசியில் சுற்றினார். காசு வாங்கிக்கொண்டுதான் தந்தார். அந்தக் கடையில் நான் முதன்முதல் வாங்கிய சௌகாத் அது. கொண்டுபோன தூரம் பல்லரோவிலிருந்து ஒரேத்தோ வரைக்கும்.

மகள் ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, வாயில் போட்டாள். முகம் கோணியது. துப்பவில்லை. ஒரு கன்னம் வீங்கினபடி பின்னேரம் முழுக்க அதை வைத்து உமிந்துகொண்டு இருந்தாள். பிறகு நான் கறி கூட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் இருக்கோ?"

கிட்ட வந்து நிற்காமல், நான் திரும்பிப் பார்க்கக் காத்திராமல், தானாகக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கடைக்கு வரப் பழகிக்கொண்டாள். வகுப்புப் பிள்ளைகளிடம் பிடித்த சிசிலி இத்தாலியனை என்னைவிட வடிவாகப் பேசினாள். அக்கா அவளோடு குழந்தைப் பேச்சுப் பேசமாட்டார். அவளும் அக்காவோடு பெரிய மனுசி போலக் கதிரையில் இருந்து தேநீர் குடிப்பாள். என்னோடு மட்டும் அளந்த பேச்சு. அப்படியே கோடை வந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு நீர்கொழும்புக்கு ஒருமுறை போய்வரலாம் என்று நாங்கள் வீட்டில் கதைத்ததை அவள் காதில் வாங்கியிருக்கவேண்டும்.

ஒருநாள் நான் மூலையில் குவளைகளுக்கு வைக்கோல் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சீனிப் பாதாம் பையின் கீழே போய் நின்று, "எனக்கு இது வேணும்" என்றாள். இனிப்புத் தொடாத பிள்ளை.

"பெர் கி?" என்றார் அக்கா.

"அம்மாவுக்கு. நீர்கொழும்பிலை இருக்கிற அம்மாவுக்கு."

பொறாமை வந்தது என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

"அவ எப்பிடி?" என்றார் அக்கா.

மகள் யோசிக்கவே இல்லை. "அவ பால் விடாமல் வெறுந்தேத்தண்ணிதான் குடிப்பா. சீனியைத் தேத்தண்ணிக்குள்ளை போடமாட்டா. உள்ளங்கையிலை வைச்சு நக்கி நக்கிக் குடிப்பா. தையல் மெசினிலை இருக்கேக்கை கை ஒட்டுது எண்டு சீனியை ஏசுவா. இதை வாயிலை வைச்சுக் குடிச்சால் கை ஒட்டாது."

அக்காவின் ஊரில் அந்தச் சீனிப் பாதாமை வாயில் அடக்கிக்கொண்டுதான் தேநீர் குடிப்பார்கள். அவரே தினமும் அப்படித்தான் குடிப்பார். இத்தனை வருடத்தில் எந்தப் பயணியும் அந்தக் காரணத்துக்காக அதைக் கேட்டதில்லை. தகரப் பெட்டி ஒன்றை எடுத்து, நிறைய அள்ளிப் போட்டு மூடினார். பிறகு தன் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"ஆர் கொண்டுபோறது?"

மகள் திரும்பி, மூலையில் வைக்கோலோடு இருந்த என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நாடியால் என்னைக் காட்டினாள்.

"இந்த அம்மாவும் நானும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன், அது அவருக்குத் தெரியும். பெட்டியை என் பக்கம் தள்ளி, "இறுக்கிக் கட்டு. தூரம் போற சாமான்" என்றார்.

கட்டினேன். நீர்கொழும்பில் என் பிள்ளையை வளர்த்தவளுக்குப் போகிற பெட்டி. நான் கட்டினதிலேயே திறமாகக் கட்டினேன். கண்ணீர் மறைத்ததால் கயிறு ஒருதரம் வழுக்கியது. மகள் எழும்பி வந்து, முடிச்சு விழவேண்டிய இடத்தில் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.